ஏடும் சுருளும் தகடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒன்றையொன்று அடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மற்றொன்று இராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் பதினொரு நிலைக் கோபுரமும், பெரியாழ்வாரும், அவருடைய திருமகளாய் வளர்ந்த ஆண்டாளும் நம் உள்ளத்தில் தோன்றுவர். இராஜபாளையம் என்றவுடன், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த குமாரசாமி ராஜா அவர்களும், 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய பஞ்சாலையும் நினைவுக்கு வரும். பாட்டினால் புகழ்பெற்றது ஒன்று. பருத்தியினால் புகழ்பெற்றது மற்றொன்று.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் திரைப்படங்களைப் பாதுகாப்பது பற்றியது. நாம் விரும்பும் படங்களையும், நம் வீட்டு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த படங்களையும் எந்த வகைத் தகட்டில் எழுதி வைப்பது, எந்த மென்பொருளைக் கொண்டு எழுதுவது என்பதே கேள்வி. இது கடைத்தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்றோ, இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. அதைக் காட்டுவதற்காகவே பாட்டின் ஊரையும் பருத்தியின் ஊரையும் முதலில் நினைவூட்டினேன்.

இராஜபாளையத்திலிருந்து தெற்கே சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் என்றோர் ஊர் இருக்கிறது. பாண்டியர் புகழ் பேசும் பழைய ஊர். அவ்வூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடிச் சென்றார். கோயில் அலுவலர் ஒருவரிடம் விசாரித்தார். பழைய ஏடுகள் கூளமாய்க் குவிந்து கிடந்தன என்றும், குழி வெட்டித் தீ வளர்த்து, அவ்வேடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக இட்டுவிட்டார்கள் என்றும், ஆகமத்தில் அவ்வாறு சொல்லியிருக்கிறதாம் என்றும் அவருக்கு விடை கிடைத்தது. தம் வாழ்க்கை வரலாற்றில் ஐயரவர்கள் இதை எழுதியிருக்கிறார். அந்தத் தீயில் எந்தெந்த நூல்கள் போயின என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

இந்நிகழ்ச்சியில் ஒன்றை நாம் உற்று நோக்கவேண்டும். ஏடுகளைத் தீயிலிட்டவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். சிதைந்துபோன ஏட்டைக் குப்பையில் எறிவது குற்றம் என்று கருதி, மரியாதையோடு அக்கினிக்கு அளித்தார்கள். ஏட்டின் மீது அவர்களுக்கு மதிப்பு இருந்தது. ஆனால், அழிவதற்கு முன்னே அதைப் படியெடுத்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. பனையோலை என்றும் நிலைத்திருக்கும் பொருள் அன்று. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும், சில நூற்றாண்டுகளில் ஒடிந்து பொடியாகும். ஆயினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டுகள் நம் கைக்கு வந்திருக்கின்றனவே, எவ்வாறு? தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தார், அதனால் வந்தன. ஓலை அழிந்தது, படி நின்றது. இன்றைய பேச்சின் கருத்து முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். தமிழ்ப் பேசும்படங்களின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்திலிருந்தே தொடங்குவர். எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலக்ஷ்மி கதாநாயகியாக நடித்த படம் அது. அதற்கு முன்னர், 1917, 1918ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதற் கதைப்படம் என்று அதைப் போற்றுகிறோம். ராஜலக்ஷ்மி அம்மையாரே 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தை இயக்கினார். ஒரு பெண்மணி இயக்கிய முதல் தமிழ்ப்படம் அது. இம்மூன்று படங்களும் வரலாற்றுச் சிறப்பு வாய்ந்தவை. இம்மூன்றில் ஒன்றன் பிரதிகூட இன்று கிடைத்திலது. விளம்பரங்களும், பாட்டுப் புத்தகங்களும், பத்திரிகைக் குறிப்புகளுமே அவற்றின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. பன்னூறு ஆண்டுக்கு முற்பட்ட பாட்டுகள் நம்மிடம் முழுமையாய் இருக்க, நம் பாட்டனாரும் பாட்டியாரும் கண்டு களித்த படங்கள் இல்லாமற் போனது வியப்பன்றோ?

ஏன் போயின? இங்கேதான் பருத்தி வருகிறது. பருத்தியை அரைத்து விதையைப் பிரித்த பின்னும் விதையின்மேல் குறும்பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தகைய பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் இட்டால் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருள் பிறக்கிறது. அதனோடு கற்பூரம் முதலியவற்றைச் சேர்த்துத் தெளிந்த மெல்லிய நாடாவாக்கினார்கள். 1889 முதல் ஏறத்தாழ 1951 வரை உலகெங்கும் திரைப்படத் தொழிலில் பெரும்பாலும் வழங்கிய படச்சுருள் இதுவே. பாவு நூலாகவும் ஊடை நூலாகவும் மாறி நம் மானத்தைக் காக்கும் அதே பஞ்சுதான் அமிலத்தில் நனைந்து வந்தபோது நிழலுருவங்களைத் தாங்கும் சுருளாயிற்று. ஆனால் அது வெடிபஞ்சுக்கு உடன்பிறப்பு. ஒருமுறை தீப்பற்றினால் காற்றை எதிர்பாராமலே எரியும். நீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீப்பிடிக்காமல் தப்பினாலும், வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து, பிசினாகி, இறுதியிற் பொடியாகும்.

தீ ஒன்றே பகைவன் அன்று. சுருளின்மேற் பூசிய மருந்தில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தினால் இனி வருவாய் இல்லை என்று தோன்றியபோது, வெள்ளியை எடுப்பதற்காகவே பல சுருள்கள் விற்கப்பட்டன. மூன்று மணி நேரப் படம் ஒன்றுக்குச் சுருளின் நீளம் 16,200 அடி. அதனைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் குளிர்ந்த அறையில் வைத்துக் காப்பது செலவுமிக்க வேலை. கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்ததே இங்கும் வேறு வகையில் நிகழ்ந்தது. அங்கே மரியாதை அழித்தது. இங்கே கணக்குப் பார்த்தது அழித்தது. இரண்டிடத்தும் படியெடுப்பார் இல்லை.

தப்பிப் பிழைத்த படம் ஒன்றன் கதையையும் கேளுங்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் என்பவர், சி.வி. இராமன் பிள்ளையின் புகழ்பெற்ற புதினத்தைத் தழுவி 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப் படத்தைத் தயாரித்தார். 1933இல் அது திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. நூலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டது, சுருள்கள் பதிப்பகத்தார் வசம் சேர்ந்தன. தயாரித்தவருக்குப் பெருநட்டம். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்தப் பதிப்பகத்திலிருந்தே சுருள்கள் மீட்கப்பட்டன. தென்னாட்டு மௌனப் படங்களுள் இன்று நாம் காணக்கூடிய மிகச் சிலவற்றுள் அஃது ஒன்று. வழக்கில் தோற்றதனால் வாழ்ந்த படம் எனலாம். இவ்வாறு தற்செயலாய்ப் பிழைப்பதையே நம்பி ஒரு நாட்டின் கலைச்செல்வம் இருக்கலாமா?

இக்கேள்வி எழுந்ததன் பயனாக 1964ஆம் ஆண்டு புணே நகரில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணகம் நிறுவப்பெற்றது. பி.கே. நாயர் என்னும் பெருமகனார் அதை உருவாக்கி வளர்த்தார். ஊர் ஊராகச் சென்று, பெட்டி பெட்டியாகச் சுருள்களைத் தேடிச் சேர்த்தார். ஐயரவர்கள் ஏடு தேடிய கதைக்கு இணையாகச் சொல்லத்தக்கது நாயரவர்கள் சுருள் தேடிய கதை. 2022இல் அந்த ஆவணகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. காக்கும் இடத்திலும் ஆபத்து வரும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2003 ஜனவரியில் அவ்வாவணகத்தின் நைட்ரேட் கிடங்கில் தீ மூண்டு, ஆயிரக்கணக்கான சுருள்கள் அழிந்தன. வேறு சுருளில் முன்பே படியெடுக்கப்பெற்ற படங்கள் மட்டும் அந்தத் தீயை வென்றன. சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலிய படங்களின் மூலச் சுருள்கள் 1993இல் இலண்டனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. கருகியதில் மீந்ததையும், வேறு நாடுகளில் இருந்த படிகளையும் ஒன்றுசேர்த்து, 2015இல் அவற்றை மீண்டும் ஒளிபெறச் செய்தார்கள். படிகள் பல இடங்களில் இருந்தமையால் அது கைகூடியது.

நைட்ரேட்டுக்குப் பின்னர் வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பற்றாது. ஆகையால் அதற்குப் 'பாதுகாப்புச் சுருள்' என்றே பெயரிட்டார்கள். ஆனால் வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் அதுவும் புளிக்காடி மணம் வீசிச் சுருங்கிக் கெடுவது நாளடைவில் தெரியவந்தது. என்றும் அழியாத பொருள் என்று கருதி வைத்தது ஐம்பது ஆண்டுகூட நிற்கவில்லை. ஆதலால், 'அழியாத பொருள் எது?' என்று கேட்பதைக் காட்டிலும், 'அடுத்த படியை எப்பொழுது எடுப்போம்?' என்று கேட்பதே அறிவுடைமை.

இத்துணை முன்னுரையோடு தகடுகளின் பக்கம் வருவோம். 1982இல் இசைக்காக வந்தது குறுந்தகடு, சி.டி. என்று வழங்குவது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் வட்டில் நுண்ணிய குழிகளை வரிசையாக அமைத்து, அவற்றின்மேல் ஒளிக்கதிரைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியின் வேறுபாட்டைக் கொண்டு படிப்பது அதன் முறை. அதில் அடங்குவது ஏறத்தாழ 700 மெகாபைட். 1993இல் அந்தத் தகட்டிலேயே படத்தையும் அடக்கும் வி.சி.டி. முறை வகுக்கப்பட்டது. ஒரு தகட்டில் 74 நிமிடமே அடங்கும். நம் படங்களோ இரண்டரை மணி, மூன்று மணி ஓடுபவை. ஆகவே ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் வேண்டியிருந்தன. 1996இல் ஜப்பானில் டி.வி.டி. வந்தது. குழிகளைச் சிறிதாக்கி, கதிரையும் நுட்பமாக்கியதால் ஒரு பக்கத்தில் 4.7 ஜிகாபைட், ஈரடுக்கானால் 8.5 ஜிகாபைட் அடங்கிற்று. 2006இல் நீலநிறம் சார்ந்த கதிரைப் பயன்படுத்தும் புளூ-ரே வந்தது. ஓரடுக்கில் 25, ஈரடுக்கில் 50, பின்னர் வந்த மூவடுக்கில் 100 ஜிகாபைட் வரை அதில் எழுதலாம்.

கடையில் விற்கும் படத்தகடும், நாம் வீட்டில் எழுதும் வெற்றுத்தகடும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. முன்னதில் குழிகள் அச்சில் அழுத்தி அமைக்கப்பட்டவை. பின்னதில் அச்சு இல்லை. கரிமச் சாயம் ஒன்று பூசப்பட்டிருக்கும். நம் கணிப்பொறியின் கதிர் அச்சாயத்தைச் சுட்டுப் புள்ளியிடுகிறது. எழுத்தாணியால் ஓலையில் கீறுவதற்கு இதனை ஒப்பிடலாம். சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளிறும். ஆகவே நம் வீடுகளில் சன்னலோரத்து அலமாரியில் அடுக்கி வைத்த திருமணத் தகடுகள் பத்தாண்டு, பதினைந்தாண்டில் படிக்கப்படாமற் போவதில் வியப்பில்லை. சிலவகைப் புளூ-ரே தகடுகளிலும், எம்-டிஸ்க் என்னும் தகட்டிலும் கரிமச் சாயத்துக்கு மாறாகக் கனிமப் படலம் இருக்கிறது. எம்-டிஸ்க் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று அதனைச் செய்தவர்கள் கூறுகிறார்கள். ஆயிரம் ஆண்டு இருந்து பார்த்தவர் எவரும் இலர். எனினும் வெளிறும் சாயம் இல்லாத தகடு மேலானது என்பதில் ஐயமில்லை.

எதனைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். மூன்று அளவுகோல்களைக் கூறுகிறேன். முதலாவது, காக்கவேண்டிய படத்தின் தன்மை. டி.வி.டி.யில் ஏற்கெனவே இருக்கும் படத்தை அதே டி.வி.டி. அளவிலேயே படியெடுத்தால் போதும். புளூ-ரேயில் பெரிதாக்கி எழுதுவதால் இல்லாத தெளிவு வந்துவிடாது. பழைய வீடியோ நாடாவிலிருந்து குறையின்றிப் படியெடுப்பதாயின் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 ஜிகாபைட் வேண்டும், அதற்கு டி.வி.டி. போதாது, ஈரடுக்குப் புளூ-ரேயோ ஹார்டு டிஸ்கோ வேண்டும். இரண்டாவது, ஒருமுறை மட்டும் எழுதத்தக்க தகடே காப்புக்கு ஏற்றது. அழித்தழித்து எழுதும் தகடு பள்ளிச் சிலேட்டுப் பலகை போன்றது. பட்டயம் எழுதுவதற்கு அன்று. மூன்றாவது, படிக்கும் கருவி. ஏடு இருந்தும் அதைப் படிப்பார் இல்லாவிட்டால் பயன் என்ன? 2025 பிப்ரவரியோடு சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. தகட்டுப் பெட்டி இல்லாத கணிப்பொறிகளே இப்பொழுது மிகுதி. ஆகையால் தகடு ஒரு படியாக இருக்கலாம். ஒரே படியாக இருத்தல் ஆகாது.

தகட்டைப் பேணும் முறையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். விளிம்பைப் பிடித்தே எடுக்கவேண்டும். படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி, இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். பெயர் எழுதிய தாளை மேலே ஒட்டக்கூடாது. குறுந்தகட்டில் செய்தி இருப்பது பெயரெழுதும் மேற்பரப்பை ஒட்டியே. அங்கே கீறினால் பிழைக்காது. புளூ-ரேயிலோ செய்தி கீழ்ப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. ஆகவே அங்கே கவனம் வேண்டும்.

இனி மென்பொருளைப் பற்றி. இங்கும் நம் வரலாறே நமக்கு வழிகாட்டும். பாண்டிய நாட்டில் ஒரு காலத்தில் வட்டெழுத்து வழங்கிற்று. சோழர் ஆட்சி பரவிய பின்னர் அவ்வெழுத்து மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. கல்லில் வெட்டியது கல்லிலேயே இருந்தது. ஆனால் அவ்வூர் மக்களே அதைப் படிக்க இயலாதவராயினர். கல்வெட்டு அறிஞர்கள் முயன்று கற்றுத்தான் அதை மீட்கவேண்டியிருந்தது. கணிப்பொறியில் ஒரு படத்தைச் சுருக்கி எழுதும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து முறை போன்றது. அந்த எழுத்தின் இலக்கணம் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தால், அந்நிறுவனம் மறையும் நாளில் நம் படமும் வட்டெழுத்தாகிவிடும். இலக்கணம் எல்லோர்க்கும் திறந்திருந்தால், நூறாண்டு கழித்து ஒரு மாணவன்கூட அதைப் படிக்கும் கருவியைப் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

கட்டற்ற மென்பொருளின் சிறப்பு இதுவே. விலையில்லாமல் கிடைக்கிறது என்பது அதன் சிறப்பில் ஒரு பகுதிதான். அதை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்து இக்கொள்கைக்கு வடிவம் தந்தார். படங்களின் துறையில் அதன் பயனாக விளைந்தவை பல. 2000ஆம் ஆண்டு பாப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், ஏறக்குறைய எல்லா வகைப் பட வடிவங்களையும் படிக்கவும் மாற்றவும் வல்லது. பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, 2001இல் கட்டற்றதாக வெளிவந்த வி.எல்.சி. இன்று உலகெங்கும் படம் பார்க்கப் பயன்படுகிறது. மாணவர்கள் செய்தது என்பதை நீங்கள் நினைவிற்கொள்ளவேண்டும். 2003 முதல் வழங்கும் ஹேண்ட்பிரேக் படங்களைச் சுருக்கி எழுத உதவுகிறது. தகட்டில் எழுதக் கே3பி என்னும் மென்பொருள் இருக்கிறது.

சுருக்குவதில் இருவகை உண்டு. கண்ணுக்குப் புலப்படாதவற்றை நீக்கிச் சுருக்குவது ஒன்று. எதையும் நீக்காமல் மடித்து வைப்பதுபோல் சுருக்குவது மற்றொன்று. முதல்வகை அன்றாடம் பார்ப்பதற்கு ஏற்றது. ஆனால் நீக்கியதைத் திரும்பப் பெற இயலாது; படியிலிருந்து படியெடுக்கும்போதெல்லாம் குறை பெருகும். இரண்டாம் வகையே காப்புக்கு உரியது. எஃப்.எஃப்.வி.1 என்னும் கட்டற்ற முறை இவ்வகையைச் சார்ந்தது. 2021இல் அதன் இலக்கணம் முழுமையும் பொதுத்தரமாக வெளியிடப்பட்டது. மெட்ரோஸ்கா என்னும் திறந்த கோப்பில் அதனை அடக்கி வைப்பது ஆவணகங்கள் பலவற்றின் வழக்கம். மூலத்தை இவ்வகையில் ஒன்றும், பார்ப்பதற்குச் சுருங்கிய படி ஒன்றும் வைத்துக்கொள்வது சிறந்த முறை. மூல ஏட்டைப் பேழையில் வைத்து, ஓதுவதற்கு வேறு படி வைத்துக்கொண்ட நம் முன்னோர் வழியும் இதுவே.

படியெடுத்தாயிற்று. எடுத்த படி சரியானதுதானா என்று அறிவது எப்படி? இவ்விடத்தில் உங்களை மீண்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துச் செல்கிறேன். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் இறுதிப் பாட்டு, இம்மாலையில் உள்ளவை முப்பது என்று எண்ணிக்கையைச் சொல்லி, ஒன்றும் தவறாமல் ஓதவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இயற்றியவர் ஊரும் பேரும் அதிலேயே இருக்கின்றன. பக்திச்சுவைக்கு இடையே இந்த எண்ணிக்கை எதற்கு? இருபத்தொன்பது பாட்டுகளே உள்ள ஏடு ஒன்று கையிற் கிடைத்தால், ஒரு பாட்டுக் குறைகிறது என்று பாட்டே காட்டிக்கொடுக்கும். நாதமுனிகளின் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காண்கிறோம். குடந்தைப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாட்டுகளைச் சிலர் ஓதக் கேட்டார் அவர். ஆயிரத்துள் இவை பத்து என்ற குறிப்பு இறுதிப் பாட்டில் இருந்தது. எஞ்சியவை எங்கே என்று தேடிப் புறப்பட்டார். அம்முயற்சியால் நாலாயிரமும் தொகுக்கப்பெற்றன என்பது வைணவ மரபு. நம்மாழ்வார் ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக அமைத்துப் பாடியதும் இதே காப்பாயிற்று. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் உடனே தெரியும் அல்லவா?

கணிப்பொறி அறிஞர்கள் இன்று இதனையே வேறு வகையிற் செய்கிறார்கள். ஒரு கோப்பில் உள்ள எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணைப் பெறுவார்கள். அது சரிபார்ப்பு எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். படியெடுத்த அன்று அவ்வெண்ணைக் குறித்து வைத்து, ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், கேடு உண்டாயிற்றா என்பது விளங்கும். இதற்கான மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. டிவிடிசாஸ்டர் என்னும் கட்டற்ற மென்பொருள் இன்னும் ஒருபடி மேலே சென்று, தகட்டில் எழுதும்போதே கொஞ்சம் உபரிக் கணக்கையும் சேர்த்து எழுதுகிறது. பின்னாளில் தகட்டின் ஒரு பகுதி கெட்டாலும், அந்த உபரிக் கணக்கைக் கொண்டு கெட்ட பகுதியைத் திரும்ப எழுப்பலாம். 1960இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர் கண்ட முறை இதற்கு அடிப்படை.

எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னால் விதி எளியது. முக்கியமான படத்துக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவேறு வகைப் பொருள்களில், அதாவது ஒன்று தகட்டிலும் மற்றொன்று ஹார்டு டிஸ்கிலுமாக, இருக்கட்டும். மூன்றனுள் ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். இராஜபாளையத்து வீட்டில் இரண்டு இருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று இருக்கலாம். இன்னும் தொலைவாயின் இன்னும் நன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாவற்றையும் புதிய தகட்டுக்கும் புதிய கருவிக்கும் மாற்றி எழுதவேண்டும்.

இதில் அறத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்ட எல்லை ஒன்றுண்டு. பிறர் உழைப்பைத் திருடி விற்பது பாதுகாப்பு ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு திரைப்படம் வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அதன் உரிமை நிலைக்கும். சான்றாக, 1960இல் வெளிவந்த படத்தின் உரிமை 2020 இறுதியோடு முடிந்தது. எனினும் அதில் அமைந்த கதைக்கும் பாட்டுக்கும் தனியுரிமை தொடரக்கூடும். உரிமை மீறும் நோக்கத்தோடு தகட்டுக்கு இட்ட பூட்டை உடைப்பதை 2012இல் சேர்க்கப்பட்ட பிரிவு குற்றமாக்குகிறது. ஆகவே மாணவர்கள் தங்கள் கையை முதலில் வைக்கவேண்டியது தங்கள் வீட்டுப் படங்களின் மேல். அவற்றுக்கு வேறு ஒரு காவலர் இல்லை. புகழ்பெற்ற படங்களைக் காக்கப் புணேயில் ஆவணகம் உண்டு. உங்கள் பாட்டியார் பேசிய பேச்சையும், ஆடிப்பூரத் தேரோட்டத்தில் உங்கள் தந்தையார் வடம் பிடித்த காட்சியையும், பஞ்சாலைச் சங்கு ஊதியதும் தொழிலாளர் வெளிவரும் காட்சியையும் காக்க எந்த ஆவணகம் வரும்? அவை ஒரு பழைய நாடாவிலோ, வெளிறிக்கொண்டிருக்கும் ஒரு தகட்டிலோ, ஒரே ஒரு படியாக, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.

கரிவலம்வந்தநல்லூரில் தீயிலிட்ட ஏடுகளுக்கு எண்ணிக்கை இல்லை, பெயரும் இல்லை. 'காளிதாஸ்' படத்துக்குப் பெயர் உண்டு, படம் இல்லை. திருப்பாவைக்கோ முப்பதும் உண்டு, ஒன்றும் குறையவில்லை. மூன்றுக்கும் உள்ள வேறுபாடு அவை எழுதப்பெற்ற பொருளால் வந்ததன்று. ஓலையும் அழியும், சுருளும் அழியும், தகடும் அழியும். உரிய காலத்தில் படியெடுத்து, எண்ணிப் பார்த்து, இன்னொருவர் கையில் கொடுத்து வைத்தவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே வேறுபாடு. இந்த விடுமுறையில் ஒரு நாள் பரணில் ஏறி அந்தப் பழைய பெட்டியை இறக்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். முதற் படியை அன்றே எடுத்துவிடுங்கள்.